கோடாரி தவறினால் எங்கே போகும்?

முகாம் போக ஆரம்பித்த நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தக் கோடாரி வாங்கலாம்? கூடவே ஒரு படமும் வரும். பையில் செருகிக்கொள்ளும் அளவில் ஒரு கைக்கோடாரி இருக்கும், கீழே "சின்னதுதானே, முதலில் இதில் பழகிக்கொள்கிறேன், அப்புறம் பெரியதுக்குப் போகலாம்" என்று ஒரு வரி இருக்கும். கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் கோடாரி விஷயத்தில் அந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது.

80 சென்டிமீட்டர் காம்புள்ள கோடாரியை நின்றபடி இரண்டு கையாலும் ஓங்கி இறக்குகிறீர்கள், கட்டையில் படாமல் தப்பிவிட்டது என்று வையுங்கள். கையும் காம்பும் சேர்ந்த நீளத்துக்கு அது போடுகிற வட்டம் பெரியது, அதனால் உங்கள் காலை நோக்கித் திரும்புவதற்கு முன்பே கோடாரியின் வெட்டுவாய் எதிரே தரையில் குத்திவிடும். அதே நிலையில் நின்று 35 சென்டிமீட்டர் கைக்கோடாரியை வீசினால் வட்டம் தரையை எட்டாது. ஓங்கிய வேகமெல்லாம் சேர்ந்து முழங்காலிலோ கணுக்காலுக்கு மேலே எலும்பிலோ வந்துதான் நிற்கும். என்னோடு முகாம் வந்த ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. தடித்த பூட்ஸின் தோல் வாங்கிக்கொண்டதால் மூன்று நாள் நொண்டியதோடு போயிற்று. கோடாரி சின்னதாக ஆக ஆபத்தும் சின்னதாகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாங்கும்போதும், வெட்டும்போதும், பிறகு அரம் பிடிக்கும்போதும்கூட நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இது தவறினால் எங்கே போகும்? தவறாமல் வெட்டுவது எப்படி என்பது அதற்கு அடுத்ததுதான், ஏனென்றால் எவ்வளவு பழகிய கையும் ஒரு நாள் தவறும்.

அளவில் இருந்து தொடங்கலாம். தலை அரை கிலோவிலிருந்து 700 கிராம், காம்பு 30 முதல் 40 சென்டிமீட்டர் என்றால் அது கைக்கோடாரி. சுள்ளி சீவ, கூடாரத்துக்கு முளை செதுக்க, சின்னக் கட்டையைப் பிளக்க நன்றாக இருக்கும். அதற்கு அடுத்தது தலை 700 கிராமிலிருந்து 1 கிலோ வரை, காம்பு 50 முதல் 65 சென்டிமீட்டர் உள்ள நடுத்தரக் கோடாரி. மரம் சாய்க்கும் கோடாரி என்றால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல், காம்பு 70 முதல் 90 சென்டிமீட்டர். விறகு பிளக்கவென்றே தலையின் இரண்டு பக்கமும் பருத்து, தலை மட்டுமே இரண்டரை மூன்று கிலோ வருவதும் உண்டு, அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், முதுகில் சுமக்கிற சாமான் இல்லை அது.

முகாமுக்கு ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு நடுத்தரத்துக்குத்தான். இரண்டு கையாலும் பிடிக்கலாம், வேண்டுமென்றால் தலைக்கு அருகே பிடித்து ஒற்றைக் கையால் சீவலாம், பையின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டும் நடக்கலாம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து கிடைத்த ஓட்ஸி என்கிற மனிதன் வாழ்ந்து 5,000 வருடங்களுக்கு மேல் ஆகிறது, அவனோடு கிடைத்த செம்புக் கோடாரியின் யூ மரக் காம்பு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். மலையில் நடக்கிற மனிதனுக்கு எந்த நீளம் ஒத்துவரும் என்பதை அப்போதே தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் இந்த நடுத்தர நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு: நின்றுகொண்டு ஓங்கினால் தப்பியது தரையிலும் குத்தலாம், காலிலும் படலாம், ரெண்டும் கெட்டான். அதனால் இதை வைத்து விறகு பிளக்கும்போது நான் மண்டியிட்டுக்கொள்வேன். முழங்கால் இரண்டும் தரையில் அகன்று இருக்க, கட்டை எதிரே இருக்க, தவறினால் மண்ணில்தான் போய்க் குத்தும்.

அதைவிட முக்கியமான யோசனை ஒன்று, கோடாரிப் பிரியர்களுக்குப் பிடிக்காது. கூடவே ஒரு மடக்கு ரம்பம் வாங்குங்கள். கட்டையைக் குறுக்கே அறுப்பதற்கு ரம்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை: வீச்சு கிடையாது, சிராய் தெறிக்காது, களைப்பும் பாதி. குறுக்கு வேலையை ரம்பத்துக்கும் பிளக்கிற வேலையைக் கோடாரிக்கும் கொடுத்துவிட்டால் ஒரு நாள் மாலையில் கோடாரியை ஓங்க வேண்டிய தடவைகள் மிகவும் குறைந்துவிடும். ஓங்குவது குறைந்தால் தவறுவதும் குறையும், கணக்கு அவ்வளவுதான்.

சரி, கடையில் நின்று கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள், எதைப் பார்ப்பது? முதலில் தலையைப் பார்க்காதீர்கள், காம்பின் அடிநுனியைப் பாருங்கள். மரத்தின் வளர்ச்சி வளையங்கள் அங்கே கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் வெட்டுவாய் இருக்கும் திசையிலேயே ஓடினால் நல்ல காம்பு, குறுக்கே ஓடினால் அடி வாங்கும்போது பிளந்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்து பக்கவாட்டில் இழையைப் பின்பற்றிக் கண்ணை ஓட்டுங்கள். இழை காம்போடு கூடவே அடிவரை வர வேண்டும், நடுவழியில் சரிந்து வெளியேறிவிட்டது என்றால் அந்த இடத்தில்தான் ஒரு நாள் முறியும், முறிந்த தலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கணு உள்ள காம்பு வேண்டவே வேண்டாம். பெயிண்ட் அடித்து மூடிய காம்பையும் நான் தொடுவதில்லை, எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான். ஹிக்கரி மரமும் ஆஷ் மரமும் இதற்குப் பேர் போனவை, இரண்டுக்கும் உறுதியோடு வளைந்து கொடுக்கிற குணம் உண்டு.

அப்புறம் கோடாரியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாயின் மேலிருந்து காம்பின் நீளத்துக்குப் பாருங்கள். வாயும் காம்பின் நடுக்கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒவ்வொரு வெட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தலையின் மேல்பக்கத்தில் காம்பின் நுனி தெரியும், ஆப்பு அடித்திருப்பார்கள், அங்கே இடைவெளி ஏதும் இருக்கக் கூடாது. தலையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள், சின்ன ஆட்டம் இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

காம்புக்கு மரமா, ஃபைபரா, எஃகா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. எஸ்ட்விங் நிறுவனத்துக் கோடாரிகள் மாதிரி தலையும் காம்பும் ஒரே எஃகில் அடித்தவற்றில் தலை கழன்று பறக்கிற பயமே இல்லை, ஆனால் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறும். ஃபிஸ்கார்ஸ் நிறுவனத்தினுடையவை மாதிரி பிளாஸ்டிக் காம்பைத் தலையைச் சுற்றி வார்த்தவை இலகுவானவை, உறுதியானவை, உடைந்தால் மட்டும் மாற்றிப் போட வழியில்லை. மரக் காம்பு பராமரிப்பு கேட்கும், ஆனால் கையில் பிடிக்க அதுதான் சுகம், காட்டுக்கு நடுவே முறிந்தாலும் எதையாவது செதுக்கிச் செருகி வேலையை முடிக்கலாம். எனக்கு மரம். தலைக்கு எஃகு கார்பன் எஃகாக இருக்கட்டும், பளபளவென்று துருப்பிடிக்காத எஃகில் வருகிற கோடாரிகள் அடி தாங்குவதில் அதற்கு ஈடாகாது. நல்ல கோடாரியின் வாய், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 50-க்கு மேலே, 57, 58 வரை இருக்கும், அரம் அதைவிடக் கடினம். அதனால்தான் அரத்தால் அதைத் தீட்ட முடிகிறது.

இனி வெட்டு. ஓங்குவதற்கு முன்னால் நான் செய்கிற சடங்கு ஒன்று உண்டு, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். உறையோடு இருக்கிற கோடாரியை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுவேன், தலைக்கு மேலேயும் ஒரு சுற்று. எதிலாவது தட்டினால் அதை அகற்றுவேன் அல்லது இடம் மாறுவேன். மேலே தொங்குகிற மெல்லிய கொடி ஒன்று போதும், கீழே இறங்குகிற கோடாரியை இழுத்துத் திசை திருப்பிவிட. மனிதர்கள் இந்த வட்டத்துக்குள் வரவே கூடாது, அதைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால்தான் நிற்க வேண்டும், முன்னாலும் பின்னாலும். குழந்தைகள் இருந்தால் ஒரு பெரியவர் அவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கட்டும். காலில் மூடிய, தடித்த காலணி இருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி இருக்கட்டும். கையுறை விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. நனைந்த துணிக் கையுறையைவிட வெறும் கை எவ்வளவோ மேல், காம்பு வழுக்காது.

விழுந்து கிடக்கிற மரத்தில் கிளை கழிக்கும்போது அடிமரம் உங்களுக்கும் கோடாரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு பக்கம், வெட்டுகிற கிளை மறுபக்கம். அடியிலிருந்து நுனியை நோக்கிப் போங்கள், கிளை கவைக்கிற உட்பக்கத்தில் வெட்டாமல் வெளிப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள், உள்ளே வெட்டினால் வாய் சிக்கிக்கொள்ளும் அல்லது மரம் கிழிபடும். வெட்டுகிற கிளை மரத்தின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு வில்லாக வளைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்படி இறுகி நிற்கிற கிளை வெட்டுப்பட்ட நொடியில் துள்ளி அடிக்கும். நிற்கிற பட்ட மரத்தைச் சாய்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. மேலே இற்றுப்போன கிளை ஒவ்வோர் அடியின் அதிர்விலும் உங்கள் தலைமேல் விழக் காத்திருக்கும், பக்கத்தில் தெரிந்த ஒருவர் நின்று கற்றுத் தராமல் அதில் இறங்காதீர்கள். பச்சை மரத்தை வெட்டுவது பெரும்பாலான காடுகளில் சட்டப்படி குற்றம். பல இடங்களில் கீழே கிடப்பதை எடுக்கவும் அனுமதி வேண்டும், போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பச்சை விறகு எரியவும் எரியாது, புகைதான் மிச்சம்.

ரம்பம் இல்லாமல் கட்டையைக் குறுக்கே வெட்டத்தான் வேண்டும் என்றால் நேர்க்கோணத்தில் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் ஒரு வெட்டு இடமிருந்து, ஒரு வெட்டு வலமிருந்து, நடுவில் இருக்கிற சில்லு தானே தெறித்து விழும். முழு ஆழமும் ஒரே பக்கத்திலிருந்து போகாமல் பாதியில் கட்டையை உருட்டி மறுபக்கமும் வெட்டுவதானால், பள்ளத்தின் வாய் கட்டையின் தடிமன் அளவுக்காவது அகலமாக இருக்கட்டும். குறுகலாகத் தொடங்கினால் பாதி ஆழத்தில் கோடாரி சிக்கிக்கொண்டு மறுபடியும் அகலப்படுத்த வேண்டி வரும், வேலை இரட்டிப்பு.

பிளப்பதில்தான் அதிகம் பேர் காயப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் சுலபம் என்று நினைத்துச் செய்கிற வேலை அது. முழங்காலுக்குக் கீழே உயரமுள்ள அகலமான அடிக்கட்டை ஒன்று வேண்டும். பிளக்க வேண்டியதை அதன் நடுவிலோ உங்கள் பக்க விளிம்பிலோ வைக்காமல் தூரத்து விளிம்பை ஒட்டி வையுங்கள். தப்பிய கோடாரி உங்கள் காலுக்கு வருவதற்கு முன்னால் அடிக்கட்டையில் பாய்ந்து நின்றுவிடும். கால்களை அகட்டி நின்று, கோடாரி இறங்கும்போது கூடவே முழங்காலையும் மடக்கி உட்காருகிற மாதிரி இறங்கினால் வாய் வட்டமாக உள்நோக்கி வராமல் செங்குத்தாகக் கீழே போகும். கட்டையின் வெட்டுமுகத்தில் காய்ந்த வெடிப்பு ஏதாவது இருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள். பெரிய கட்டையை நடுவில் பிளக்க முயலாமல் ஓரத்திலிருந்து துண்டு துண்டாகக் கழற்றுங்கள். கணு இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள், கணுவோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததாக நான் பார்த்ததில்லை. பழைய டயர் கிடைத்தால் அதை அடிக்கட்டைமேல் வைத்து உள்ளே கட்டைகளை நிறுத்திவிடலாம், துண்டுகள் சிதறாது, ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்த்தி வைக்கிற வேலையும் மிச்சம்.

விரல் பருமனில் சுள்ளி வேண்டும் என்னும்போது கை தானாகவே கட்டையைப் பிடிக்கப் போகும். ஒரு கையில் கட்டை, மறு கையில் ஓங்கிய கோடாரி. கட்டைவிரல் போவது இப்படித்தான். இதற்கு ஓங்கவே தேவையில்லாத முறை ஒன்று இருக்கிறது. சின்னக் கட்டையைப் படுக்கை வாட்டில் பிடித்து, கோடாரியின் வாயை அதன் நுனியில் இழையோடு சேர்த்துப் பொருத்துங்கள். இரண்டையும் ஒட்டியபடியே ஒன்றாகத் தூக்கி, ஒன்றாகவே அடிக்கட்டையில் தட்டுங்கள். வாய் ஏற்கெனவே மரத்தில் பதிந்திருப்பதால் தவறுவதற்கு இடமே கிடையாது. இரண்டு மூன்று தட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கியதும் கோடாரியை மணிக்கட்டால் ஒரு திருப்பு, படக்கென்று பிளந்துகொள்ளும். பார்க்க வீரமாக இருக்காது, நான் சுள்ளி செய்வதெல்லாம் இப்படித்தான்.

சிக்கிக்கொண்ட கோடாரியின் பின்பக்கத்தை இன்னொரு கோடாரியாலோ சுத்தியலாலோ அடிக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள். எஃகும் எஃகும் மோதும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும், காம்பு நுழைகிற துளையும் அகன்று உருமாறிப் போகும், அதற்கப்புறம் எந்தக் காம்பும் அதில் ஒழுங்காக உட்காராது. காம்பின் நுனியை மேலும் கீழும் அசைத்து எடுங்கள், வராவிட்டால் மரக்கட்டையால் தட்டுங்கள். உறைபனிக் குளிரில் வெட்டப் போகிறீர்களென்றால் வாயைக் கொஞ்ச நேரம் கையுறைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள், கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், உறைந்த கணுவில் பட்டால் வாயில் பல் விழும்.

வெட்டாத நேரத்தில் கோடாரி உறையில் இருக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு நிமிடம்தானே என்று அடிக்கட்டையில் குத்தி நிறுத்துவதைக்கூட நான் ஏற்பதில்லை, இருட்டில் யாராவது அதில் இடறுவார்கள். தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது படத்துக்கு அழகு, இடறி விழுந்தால் கழுத்துப் பக்கம் வாய் இருக்கும். தலைக்கு ஒட்டினாற்போலக் காம்பைப் பிடித்து, கையைத் தொங்கவிட்டு, வாய் வெளிப்பக்கம் பார்க்க நடங்கள். விழப் போகிறோம் என்று தெரிந்தால் தூர எறிந்துவிடலாம். கைமாற்றும்போது எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தலை கீழே தொங்க, காம்பை நீட்டுவோம், வாங்குகிறவர் "பிடிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கொடுப்பவர் கையை எடுப்பார். பழகிய இரண்டு பேருக்கு நடுவே இது அசட்டுத்தனமாகத் தோன்றும், தோன்றட்டும்.

களைத்துவிட்டால் நிறுத்துங்கள். களைப்பு எப்படித் தெரியும் என்றால், குறி வைத்த இடத்துக்கும் விழுகிற இடத்துக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போகும். அதற்கப்புறம் "இன்னும் நாலே கட்டை" என்பதெல்லாம் வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகும், குடித்துவிட்டும் கோடாரியைத் தொடக் கூடாது.

அடிபட்டால் என்ன செய்வது என்பதும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். சுத்தமான துணியை நேராக வெட்டுக்காயத்தின் மேல் வைத்து, பலமாக, விடாமல் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கையிலோ காலிலோ ரத்தம் பீச்சி அடித்து அழுத்தத்துக்கும் நிற்காவிட்டால் டூர்னிக்கே, அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிற இறுக்கமான கட்டு, போட வேண்டும்: காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள், மருத்துவரிடம் சேரும் வரை தளர்த்தாதீர்கள். இதைப் படித்துக் கற்பதைவிட ஒரு முதலுதவி வகுப்பில் கையால் செய்து பார்ப்பது எவ்வளவோ நல்லது. கோடாரி பையில் இருந்தால் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும், அதுவும் கூடாரத்தின் மூலையில் கிடக்காமல் வெட்டுகிற இடத்திலேயே.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. மொக்கைக் கோடாரி பாதுகாப்பானது என்று நினைக்கிறவர்கள் உண்டு. கூரான வாய் மரத்தில் பட்டதும் பதிந்து நிற்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும், எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க விரலை வைக்க வேண்டாம். விளக்குக்கு நேராக வாயைப் பிடித்துப் பாருங்கள். கூரான வாயில் எதுவும் தெரியாது, மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும்.

கோடாரியை மேசையில் அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள், வைஸ் என்கிற இறுக்கிப் பிடிக்கும் கருவி இருந்தால் நல்லது. வாயை ஒட்டிய சாய்வு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசிவிடுங்கள். அரத்துக்குப் பிடி இருக்க வேண்டும், கையில் தடித்த தோல் கையுறையும் இருக்க வேண்டும், ஏனென்றால் அரத்தை வாயை நோக்கித் தள்ளப் போகிறீர்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பக் கொண்டுவரும்போது தூக்கிவிட வேண்டும், இழுத்தால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். நாலு தள்ளு தள்ளிவிட்டு மார்க்கர் எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். மேல்பக்கம் மட்டும் அழிந்து நுனியில் கறுப்பு இருந்தால் அரத்தைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும், நுனி மட்டும் அழிந்தால் படுக்கவைக்க வேண்டும். சரியான சாய்வு கிடைத்துவிட்டால் அரத்தின் சத்தமே மாறும், கிறீச்சிடாமல் ஒரே சீராகக் கடிக்கும், கீழே வெள்ளி நிறத்தில் பொடி சுருள் சுருளாக விழும். ஒரு பக்கம் முழுக்க முடிந்ததும் மறுபக்கத்தில் விரலை வாயிலிருந்து விலகும் திசையில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு ஒன்று நீள முழுக்கத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால்தான் இந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பிறகு மறுபக்கம். இரண்டு சாய்வும் சேர்ந்து 25 முதல் 30 டிகிரி என்பது பொதுவான வேலைக்குச் சரி. கத்தி மாதிரி மெல்லியதாகத் தீட்டினால் முதல் கணுவிலேயே வாய் மடங்கும்.

அரம் முடிந்ததும் வட்டமான சாணைக்கல், இரண்டு பக்கமும் சொரசொரப்பு வேறாக இருக்கும், முரட்டுப் பக்கத்தில் தொடங்கி மென்மையான பக்கத்தில் முடிப்பது. கல்லில் தண்ணீரோ எண்ணெயோ விட்டு, வாயின் நீளத்துக்குச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், பக்கம் மாற்றி மாற்றி, பிசிறு காணாமல் போகும் வரை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் வாய்க்கு எதிர்த்திசையில் சில இழுப்பு. முகாமில் இருக்கும்போது அரம் வரை போகத் தேவையில்லை, வேலை முடிந்த மாலையில் கல் மட்டும் போதும். கல்லை ஒதுக்கி ஒதுக்கித்தான் ஒரு நாள் அரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

மின்சாரச் சாணையில் கொடுத்துச் சீக்கிரம் முடிக்கலாமே என்பார்கள். வேகமாகச் சுற்றும் உலர்ந்த கல்லில் மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். வாயில் நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸுக்கு அருகே போய்விட்டது, பதம் போயிற்று, அதாவது எஃகு தன் கடினத்தை இழந்துவிட்டது. பார்க்கக் கூராகத்தான் இருக்கும், நாலு கட்டை வெட்டினால் மறுபடியும் மொக்கை. அந்த நீலத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் எஃகு பழையபடி ஆகாது, மென்மையான பகுதி முழுவதையும் அரத்தால் கழித்துத்தான் தீர வேண்டும்.

காம்புக்கு வருவோம். புதுக் காம்பில் வார்னிஷ் பளபளத்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள், வியர்த்த கையில் வார்னிஷ் வழுக்கவும் செய்யும், கொப்புளமும் போடும். அப்புறம் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடியும் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும், சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தலை ஆடத் தொடங்கினால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வை, இறுகிக்கொள்ளும் என்பது ஊருலகத்து யோசனை. இறுகத்தான் செய்யும். ஊறிய மரம் விரிய இடமில்லாமல் துளையின் இரும்புச் சுவரில் நசுங்கும், காய்ந்ததும் முன்பைவிடச் சின்னதாகச் சுருங்கும், தலை முன்பைவிட அதிகம் ஆடும். ஓங்கிய உயரத்தில் கழன்றால் அதை யாரும் தடுக்க முடியாது. ஆடுகிற தலையை அன்றைக்கே உறையில் போட்டுக் கட்டிவையுங்கள், வீட்டுக்கு வந்து ஆப்பை மாற்றுங்கள், காம்பே தேய்ந்திருந்தால் புதுக் காம்பு.

புதுக் காம்பு போடும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. தலையைக் கொஞ்சம் செருகிவிட்டு, கோடாரியைத் தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்து அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, காம்பின் அடிநுனியை மரச்சுத்தியால் தட்டுங்கள். தரை எதிலும் முட்டாமல், தொங்குகிற தலை தானாகக் காம்பின் மேல் ஏறும். கனமான தலை இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கிறது, காம்பு மட்டும் அதற்குள் இறங்குகிறது, அவ்வளவுதான், ஆனால் முதல் முறை பார்க்கிற யாரும் இன்னொரு முறை தட்டிக் காட்டச் சொல்வார்கள். எங்கே இறுகுகிறது என்று உரசல் கறுப்பு காட்டிக்கொடுக்கும், கழற்றி அந்த இடத்தை மட்டும் முரட்டு அரத்தால் சீவி மறுபடியும் தட்டுங்கள். காம்பின் நுனி தலைக்கு மேலே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும், ஆப்பு இறங்கியதும் அந்த நீட்டல் அகன்று பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆப்புக்காக அறுக்கிற பிளவு துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். காம்பும் ஆப்பும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், ஈர மரத்தில் செய்த வேலை அடுத்த மாதமே ஆடும்.

ஈரம் துடைத்து, தலைக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், காம்பு காய்ந்து சுருங்கிவிடும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லையென்றால் தோல் உறையைக் கழற்றித் தனியாக வைத்து, வாய்க்கு அட்டையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு வாயில் துருப்பிடிக்க வைக்கும். பயணத்தில் வண்டியின் இருக்கைக்கு அடியிலோ பின்கண்ணாடிக்கு அருகிலோ போடாமல் டிக்கியில் மற்ற சாமான்களுக்குக் கீழே கட்டி வையுங்கள். விமானமென்றால் கைப்பையில் விடமாட்டார்கள், உறையோடு சுற்றிப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், விமான நிறுவனத்தின் விதியை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள்.